பதினோராவது வளைவில் சொன்ன வசனம்

பச்சை ஏலக்காயும் டீசலும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை உண்டு. அது எங்கே மூக்கில் பட்டாலும் எனக்கு ஆறாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையும், போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் மேட்டுக்கு ஏறுகிற அந்த ஜீப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். யார் யார் இருந்தோம் என்பதை இன்றும் வரிசையாகச் சொல்வேன்: முன்னால் டிரைவர் செல்வம் அண்ணன், பின்னால் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பன்னிரண்டு பெண்கள், அவர்களில் என் அம்மா, அம்மாவுக்கு எதிரே பேச்சியக்கா, வீட்டில் தனியாக விட முடியாததால் தூக்குவாளிகளோடு சேர்த்து அம்மாவின் காலடியில் உட்காரவைக்கப்பட்ட நான். அப்பா இல்லை, அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். வேதப்புத்தகமும் இல்லை, அது நனைந்துவிடக் கூடாதென்று பாலித்தீன் பையில் சுற்றி, வீட்டில் டிரங்குப் பெட்டியின் மேல் இருந்தது. புத்தகம் வண்டியில் இல்லாமல், அம்மா அதை மனதில் ஏற்றிக்கொண்டு வந்ததுதான் நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பஸ்சின் பலகையைக்கூட நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகத்தைத் திறந்து வாசித்தவன் நான் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உலையை வைத்துவிட்டு, “அப்பு, ஒண்ணு எடுத்துக் குடு” என்பாள். ஒன்றே ஒன்றுதான். மலை, ஊற்று, காட்டுவிலங்கு, பறவை என்று கடவுள் உண்டாக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிற, சங்கீதம் என்று பைபிளில் வருகிற நீண்ட பாட்டு ஒன்றை அந்த ஜூன் மாதம் தொடங்கியிருந்தோம். ஞாயிறன்று வாசித்த வசனத்தையே அந்த வாரம் முழுக்கத் தினம் ஒருமுறை வாசிக்கவேண்டும். சனிக்கிழமைக்குள் அது அவளுடையதாகிவிடும். எனக்கோ பள்ளியில் எட்டு வரிச் செய்யுள் மறுநாள் காலையிலேயே பறந்துபோகும். படிக்கத் தெரியாதவளுக்கு எப்படி நிற்கிறது, எனக்கு ஏன் நிற்கவில்லை என்பது அந்த வயதில் என்னைப் பிடித்து ஆட்டிய கேள்வி.

அதற்கு விடை ஜீப்பில்தான் கிடைத்தது. மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பெண்கள் பேச்சை நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்புகையில் அம்மாவின் உதடு அசைந்தது, முதல் வசனம். இரண்டாவது வளைவில் இரண்டாவது. மேட்டுக்கு ஏறும் பதினேழு வளைவுகளிலும் வளைவுக்கு ஒரு வசனமாக அவள் இறக்கிவைத்திருந்தாள். மழைக்காலத்தில் பாறையிலிருந்து தண்ணீர் வழிகிற திருப்பத்தில் சரியாக ஊற்றைப் பற்றிய வசனம் வந்தது. அது தானாக அமைந்ததா, அவள் செய்த ஏற்பாடா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலிருந்து மலைகளுக்குத் தண்ணீர் இறைக்கிற வசனத்துக்கு வந்தபோது, “இத எழுதுனவரு நம்ம மேட்டுக்கு வந்திருப்பாரோ?” என்று என் காதில் உண்மையான சந்தேகத்தோடு கேட்டாள்.

சாயங்காலம் இறங்கும்போது இன்னொரு வேடிக்கை. வளைவுகள் தலைகீழாக வருமல்லவா, சங்கீதமும் கடைசி வசனத்திலிருந்து முதல் வசனத்துக்கு வந்தது. நடுவில் தோட்டத்தில் பகல் முழுக்க, செடியின் அடியில் குனிந்து பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்கும்போது, அந்த வாரத்து வசனம் ஒன்றை மட்டும் வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாள். முன்பெல்லாம் அவள் ஜெபம் ரேஷன் கடைப் பட்டியல்போல இருக்கும்: அப்பா பணம் அனுப்பணும், கூரை ஒழுகக் கூடாது, இவனுக்குக் காய்ச்சல் விடணும். அந்த வருசம் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்ததை நானே கவனித்தேன். கேட்பதைக் குறைத்துவிட்டு அவள் என்னதான் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

பதினோராவது வளைவில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அங்கே வண்டி திரும்பும்போது பேச்சியக்கா கண்ணை மூடிக்கொண்டே, “கிரேசு, அந்தக் கை வரியச் சொல்லுத்தா” என்றாள். அம்மா சத்தமாகவே சொன்னாள்: “அதிகாலையின் பனியில் நனைகிற கைகளை அவர் அறிந்திருக்கிறார்.” ஜீப்பில் நாலைந்து பேர் கூடவே முணுமுணுத்தார்கள். பேச்சியக்கா கருப்பசாமியைக் கும்பிடுகிறவள். “உங்க வேதத்துல மத்ததெல்லாம் எனக்கு வெளங்கல. ஆனா இது நமக்குன்னே எழுதுனது” என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

அது வேதத்தில் இல்லை. நான் சொன்னது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறு, பக்கத்துத் தெருவில் கேரம் போர்டு விளையாட்டுக்கு நேரமாகிவிட்டது. புத்தகத்தைப் பையில் சுற்றிக் கட்டியும் விட்டேன். அம்மா அன்றைக்கு உள்ளதைக் கேட்டாள். மறுபடி முடிச்சை அவிழ்க்கச் சோம்பல்; எதிரே தோல் உரிந்த அவள் கை தெரிந்தது; வாயில் வந்ததைச் சங்கீதத்தின் நடையில் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் அவள் அதையே வாசிக்கச் சொன்னபோது, புத்தகத்தை விரித்து, விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு, என் வரியையே “வாசித்தேன்”. அந்த வாரம் ஆறு நாளும் அப்படித்தான். அடுத்த ஞாயிறு, அன்று வாசிக்காமல் விட்ட உண்மையான வசனத்துக்குத் திரும்பிவிட்டேன், அதோடு மறந்தும் போனேன்.

இப்போது மறக்க வழியில்லை. விடுமுறை முடிகிற ஞாயிறன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. தோட்டத்துக்குப் போகிற பெண்களில் ஒருத்தி ஒரு சங்கீதத்தில் அதுவரை படித்ததைப் பார்க்காமல் சொல்லப்போகிறாள் என்று போதகர் ஐயா முந்தின வாரமே அறிவித்திருந்தார். அம்மா சொல்லச் சொல்ல அவர் புத்தகத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினோராவது இடத்தில் அவர் நிறுத்துவார், எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். படிக்காதவள் தானாக எதையோ சேர்த்துக்கொண்டாள் என்றுதான் நினைப்பார்களே தவிர, படித்த மகனைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

சனிக்கிழமை இறக்கத்தில் சொன்னேன். பன்னிரண்டாவது வளைவு கழிந்ததும் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, “அம்மா, அடுத்தது புத்தகத்துல இல்ல” என்றேன். எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். வண்டி மூன்று வளைவு இறங்கியது. மூன்றிலும் உதடு அசையவில்லை.

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் இருக்கும்மா. அது ஒண்ணுதான்.”

பேச்சியக்கா காதில் விழுந்துவிட்டது. “ஏன் கிரேசு, பய நல்லாத்தான சொல்லியிருக்கான். இருந்துட்டுப் போகுது, வச்சுக்க.”

“நல்லா இருக்குங்கிறதுக்காக அவரு சொன்னாருன்னு நான் சொல்ல முடியுமாக்கா?” என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, அடிக்கிற குரலில் அல்ல, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்: “அந்த வளைவுல இனி நான் என்னத்தச் சொல்ல?”



மறுநாள் சபையில் அவள் கண்ணை மூடி நின்றாள். உடம்பு இடமும் வலமும் லேசாகச் சாய்ந்தது. அது எந்தெந்த வளைவு என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பத்து வசனமும் புத்தகத்தில் உள்ளபடி வந்தன. பதினோராவது திருப்பத்தில் சாய்ந்தாள், வாய் திறக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து ஐயா அடுத்த வசனத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். ஒரு வளைவைத் திரும்பி முடிக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றுவிட்டு, மேலே தொடர்ந்தாள். ஒரு இடத்தில் தடுமாறினாலும் சகோதரி நன்றாகச் சொன்னார் என்று ஐயா பாராட்டினார். அம்மா அதைத் திருத்தவில்லை.

அந்த இடத்துக்கு அடுத்த வசனத்தை இறக்கிக்கொள்ளலாமே என்று பிறகு கேட்டேன். ஒன்றை நகர்த்தினால் எல்லாம் குழம்பிவிடும், அதனால் சும்மா விட்டுவிட்டேன் என்றாள். அங்கே வரும்போது என்னதான் செய்கிறாய் என்று மறுபடி நச்சரித்தேன். “மொதல்ல வெறுமனே கெடந்துச்சு. இப்ப அங்க போனா வாய மூடிக்கிறேன். நானே பேசிக்கிட்டு இருந்தா அவரு எப்பப் பேசுவாரு?”

என்னை அவள் திட்டவேயில்லை. ஆனால் அடுத்த ஞாயிறிலிருந்து, நான் வாசித்து முடித்ததும் பக்கத்து வீட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஜெபா அக்காவைக் கூப்பிட்டு, அதே வசனத்தை அவளும் ஒருமுறை வாசிக்கச் சொல்வாள். “ரெண்டு தடவ கேட்டாத்தான் எனக்கு நிக்கிது” என்று காரணம் சொல்வாள். ஜெபா அக்கா நம்பினாள்.

இப்போது நான் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அம்மாவுக்கு முட்டி வலி, மேட்டுக்குப் போவதில்லை. செல்வம் அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் எங்கிருக்கிறார்கள் என்றே தெரியாது. வேதத்தை வாசித்துக் காட்டுகிற ஆப் ஒன்றை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் வாசிக்கிறான், ஆனா மூச்சு விட மாட்டேங்கிறான்” என்று திருப்பித் தந்துவிட்டாள். இன்றும் ஞாயிறு சாயங்காலம் நான்தான் வாசிக்கிறேன். போன வாரம் வாசித்து முடித்ததும், ஜெபா அக்காவைக் கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாய் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, ஞாபகமில்லை என்றாள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிப்ரவரி ஞாயிறு, ஜெபா அக்கா வழக்கம்போல வாசலுக்கு வந்து நிற்க, “நீ போம்மா, ஒனக்குச் சோலி கெடக்கும். இவன் வாசிச்சாப் போதும்” என்றாள் அம்மா. ஒரு வரிக்கு எங்களுக்கு ஆனது மூன்று வருசமும் நான்கு மாதமும்.