சோலையம்மாளுக்குப் போர்த்திய சேலை

ஐந்து வார்டுத் தேர்தல், நான்கு வெற்றி, ஒரு தோல்வி. எரியோட்டில் ராமுத்தாயைப் பற்றிக் கேட்டால் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். அந்த ஒரு தோல்வியைக் கொடுத்தவர் எதிர்க்கட்சிச் சோலையம்மாள். ராமுத்தாய்க்கு வந்த வம்பும் அந்தச் சோலையம்மாளால்தான். அதுவும் அவர் செத்த அன்றைக்கு.

ராமுத்தாய்க்கு இப்போது வயது அறுபத்தெட்டு. அரை ஏக்கரில் சம்பங்கி போட்டிருக்கிறார். காலையில் பூப்பறிப்பு முடிந்ததும் வார்டைச் சுற்றக் கிளம்புவார். எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வீட்டில் முதியோர் பென்சன் நின்றுவிட்டது என்று யாரும் வந்து சொல்லக் காத்திருப்பதில்லை. ஆறாவது முறையும் நிற்க அவர் முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு குடிநீர்க் குழாய். பல வருடம் அலைந்து வாங்கிய அந்தக் குழாய் ரேஷன் கடை மூலை வரை வந்து நிற்கிறது. அதற்கு மேலே இருக்கும் மேட்டுத்தெரு இன்னும் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. குழாய்க்கான மனுவில் ராமுத்தாயும் சோலையம்மாளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் முகம் சுளித்தார்கள். குழாய் வந்தது.

மூன்று முறை எதிரும் புதிருமாக நின்ற இருவரும் செம்பட்டியில் பிறந்து எரியோட்டில் வாக்கப்பட்டவர்கள். மேடையில் ஏறினால் ஒருவரையொருவர் கிழித்துவிடுவார்கள். இறங்கிவிட்டால் செம்பட்டியில் இன்னாருக்குக் கல்யாணமாம், இன்னார் வீட்டை விற்றுவிட்டாராம் என்று பஸ் வரும் வரை பேச்சு ஓயாது.

போன தை மாதம் சோலையம்மாள் மாரடைப்பில் இறந்தார். அன்றைக்கு ராமுத்தாய் திண்டுக்கல்லில் கட்சியின் மகளிர் மாநாட்டில் இருந்தார். செய்தி கேட்டதும் பாதியில் எழுந்து பஸ் ஏறினார். மாநாட்டில் எல்லோருக்கும் கொடுத்த கட்சிக்கரைச் சேலை மடிப்புக் கலையாமல் கைப்பையில் இருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டியாகிவிட்டது. ஆனால் யாரும் தூக்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அந்தக் கோடி விழாமல் உடலை எடுப்பதில்லை. சோலையம்மாளின் ஒரே தம்பி முந்தின வருடமே போய்விட்டார். அவருக்குப் பிள்ளை கிடையாது. ஒரு சேலை வாங்கி யாரையாவது போர்த்தச் சொல்லலாம் என்றால், சோலையம்மாளுக்கு மரியாதை செய்து கடைவீதி முழுக்க அடைத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மகள் இசைவாணி, அம்மாவுக்கு ஆளில்லையா என்று அழுதுகொண்டிருந்தார்.

ராமுத்தாய் பையைத் திறந்தார். "நான் செம்பட்டிக்காரிதான். பொறந்த ஊரும் பொறந்த வீடுதான்" என்று சொல்லிவிட்டுச் சேலையை உதறிப் போர்த்தினார். கரையை உள்ளே மடித்துவிட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அது அவருக்குத் தோன்றவில்லை. யாரோ எடுத்த வீடியோ பொழுது சாய்வதற்குள் வேடசந்தூர் தாண்டிப் போய்விட்டது.

சோலையம்மாளின் கட்சிக்காரர்கள் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். விடாதவர்கள் ராமுத்தாயின் கட்சிக்காரர்கள்தான். அங்கே கொள்கையில் கொஞ்சமும் வளையக் கூடாது என்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். எதிர்க்கட்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதே, அந்தக் கட்சி எம்.எல்.ஏ. வந்தால் எழுந்து நிற்காதே என்பது அவர்கள் சட்டம். ஊரில் அவர்களுக்குக் கறார் அணி என்று பெயர். ராமுத்தாய் மேல் பல வருடக் கோபம் அவர்களுக்கு. அந்த அணியின் நல்ல பேச்சாளர் மணிமேகலை, முப்பத்தாறு வயது, தையல் பயிற்சி நடத்துகிறவர். இந்த முறை வார்டு தனக்குத்தான் என்று மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். மாவட்டத்தில் யாருக்கும் பொல்லாப்பு வேண்டாம் என்று நினைத்தார்கள். வார்டிலுள்ள கட்சி உறுப்பினர்களே ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடிக் கைதூக்கி முடிவு செய்யட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ராமுத்தாயின் மகன் மதியழகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கணக்குப் பார்க்கிறவர். பேரம் தெரிந்தவர். அவசரத்தில் கரையைக் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கோபம் அடங்கிவிடும் என்று அம்மாவிடம் இரண்டு நாள் மன்றாடினார். "கவனிச்சுத்தானப்பு போட்டேன். கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு" என்று முடித்துவிட்டார் ராமுத்தாய்.

பிறகு வீடு வீடாக ஏறினார். திட்டியவர்களிடமும் உட்கார்ந்து காபி குடித்தார். கட்சிக்குக் கொடிமரம் நட்ட காலத்து ஆள் பொம்மையன் அவரை வம்புக்கு இழுத்தார்.

"ஏத்தா, நான் செத்தா எந்தக் கட்சிக் கரையப் போட்டு அனுப்புவ?"

"ஒனக்குப் போட ஆளு நெறையா இருக்கு மாமா. நீ மொதல்ல ஞாயித்துக்கெழம உசுரோட மண்டபத்துக்கு வா."

பொம்மையன் வந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. மணிமேகலை முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை. இந்தக் கரைக்காக அடிபட்டவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள் இந்த வார்டிலேயே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். அதில் ராமுத்தாயின் இறந்துபோன புருஷன் உடையப்பனும் உண்டு. "மாமா அடிவாங்குன கரை, அவர அடிச்ச கட்சிக்காரி மேல ஏறி சுடுகாட்டுல எரிஞ்சிருக்கு. அத்தைக்கு மனசு உறுத்தலையா?"

ராமுத்தாய் எழுந்தார்.

"அவரு அடிபட்டப்ப ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாந்தவ சோலையம்மா. அது ஒனக்குத் தெரியாது, அப்ப நீ பொறக்கல. பொறந்த வீட்டுக் கோடி இல்லாம ஒரு பொம்பளய அனுப்பச் சொல்லி எந்தக் கட்சியும் எனக்குச் சொல்லித் தரல. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். இனிமே பையில கரையில்லாத சேல ஒண்ணும் வச்சுக்கிறேன். அம்புட்டுதான்."

சிலர் சிரித்தார்கள். மணிமேகலைகூட முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கைகள் எழும்போது சிரிப்பு இல்லை. மணிமேகலைக்கு இருபத்தெட்டு, ராமுத்தாய்க்கு இருபத்துநான்கு. பொம்மையன் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே எதிர்க்கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சோலையம்மாள் இல்லாத இடம் காலியாக இருக்கிறது, சின்னம் தயார் என்றார்கள். ராமுத்தாய் அவர்களுக்கு வாசல் பந்தலில் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் போன பிறகு மதியழகன் கேட்டார்.

"அப்ப என்னதாம்மா செய்யப் போற?"

"மேட்டுத்தெருவுக்குக் கொழா போகணும். அதுக்குக் கரை வேணாம், ஓட்டுப் போதும்."

கட்சிக்கு எதிராக நின்றால் உறுப்பினர் பதவி போய்விடும் என்று மகன் நினைவூட்டினார். உறுப்பினர் அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, வந்து கேட்டால் எடுத்துக் கொடு என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையைக் கழுவப் போனார் ராமுத்தாய். மறுநாள் காலை வழக்கம்போல் வார்டைச் சுற்றினார். முதலில் ஏறியது தனக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் வீட்டுப் படிகளில்தான்.

வேட்புமனுத் தாக்கல் திங்கட்கிழமை தொடங்குகிறது. மணிமேகலை பத்தரைக்குப் போகிறார், ராமுத்தாய் பதினொன்றுக்கு. சுயேச்சைச் சின்னங்களில் அவர் முதலாவதாகக் கேட்கப் போவது தண்ணீர்க் குழாய்.