சுழி விழுந்த கட்டை

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டையைத் துப்பாக்கிபோல முகத்துக்கு நேரே பிடித்து, நுனிவரை பார்க்கிறாள் நெஸ்டா ப்ரோபெர்ட். பிறகு திருப்பி மறுமுனையிலிருந்து பார்க்கிறாள். ஒரு வாய் தேநீர். மறுபடி பார்வை. புதன்கிழமை அவளுடைய முடிதிருத்தும் கடைக்கு விடுமுறை. அன்று முழுக்கப் பின்பக்கக் கொட்டகையில் வில் செய்துகொண்டிருப்பாள், செதுக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு. வில்லுக்கென்றே பேர்போன யூ மரத்தின் தூள் நஞ்சு.

ஊரில் பாதித் தலைகள் அவள் கத்தரிக்குப் பழக்கப்பட்டவை. வில்லைப் பற்றிக் கேட்டாலும் முடியைப் பற்றித்தான் பேசுவாள். "கணு இருக்கிற எடத்துல மட்டமா சீவக் கூடாது. தலையில சுழி மாதிரி அது. எந்தப் பக்கம் படுக்குதோ, அந்தப் பக்கமே நாமளும் போகணும். முரண்டு பிடிச்சோம், போச்சு."

இந்தக் கட்டை தேவாலயக் கல்லறைத் தோட்டத்து யூ மரத்தின் கிளை. சாலைமேல் சாய்கிறதென்று வெட்டியதை, பாதிரியாரே தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கொட்டகை உத்தரத்தில் நான்கு ஆண்டுகள் காய்ந்தது. பிழிந்த துணிபோலத் திருகல், அதில் ஏழு கணுக்கள்.

"இது வில்லாவுமா? குடை மாட்டக்கூட ஆவாது" என்பான் அவள் கணவன் ஐவர்.

"உன்னையே வளைச்சு வழிக்குக் கொண்டாந்திருக்கேன், இது என்ன பெரிசு!"

கொதிநீர் ஆவி காட்டித் திருகலை நிமிர்த்தினாள். வெளிப்பக்கம் வெள்ளைக்கட்டை, உள்பக்கம் வைரம்பாய்ந்த செங்கட்டை என்று விட்டுச் செதுக்கினாள். தன் உயரத்துக்கு ஒரு நெடுவில், தனக்கே தனக்காக. அதுதான் கணக்கு. மார்ச் மாதத்தில் நாண் கட்டி ஒரு சாண் இழுத்தபோது 'டிக்' என்றது. மேல்நுனிக் கணுவிலிருந்து முடியிழைபோல ஒரு விரிசல். கட்டையைப் பழையபடி உத்தரத்தில் செருகிவிட்டு வந்தாள். அடுத்த இரண்டு வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நெற்றி முடி ஒரு விரல் குட்டையாகவே போயிற்று என்று ஐவர் சொல்கிறான்.

அந்த நாட்களில்தான் டிலிஸ் முடிவெட்ட வந்தாள். தபால் பட்டுவாடா செய்பவள். இருபது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நெஸ்டாவோடு அம்பு விட்டவள். நவம்பரில் தோளில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

"என் வில்லத் தம்பிகிட்டக் குடுத்துட்டேன்டி. இப்பல்லாம் ஞாயித்துக்கெழம துணி தொவைக்கிறேன்."

நெஸ்டா கத்தரியைக் கீழே வைத்தாள். "கைய நீட்டு."

"முடி வெட்ட கை எதுக்குடி?"

"நீட்டுன்னா நீட்டேன். வில்லு இழுக்கிற மாதிரி இழு. வலிக்க ஆரம்பிச்சதும் சொல்லு."

டிலிஸ் வலியில் முகம் சுளித்த இடத்தில் அளவுநாடாவை நிறுத்தி, புருவப் பென்சிலால் கண்ணாடி ஓரத்தில் குறித்துக்கொண்டாள். பாதி முடியோடு டிலிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை விரிசல் விட்ட நுனியை அறுத்தாள். சரிக்குச் சரியாக மறுநுனியிலும் அறுத்தாள். தன் நெடுவில்லை அறுக்கிறோம் என்று முதல் இழுப்பில் கை தயங்கியது. இரண்டாம் இழுப்பில் தயங்கவில்லை. மிஞ்சியது நெஞ்சளவு உயரம், ஆறு கணுக்கள். டிலிஸின் தோள் தாங்கும் இழுப்புக்கு அது போதும். ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் கட்டையைப் புடைப்பாக விட்டு, மற்ற இடங்களைச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கினாள். நான்கு புதன்கிழமைகள் ஆயின. கடைசியில் சுவரில் மாட்டி, கப்பியில் கயிறு போட்டு இழுத்தாள். குறித்த அளவுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை, ரக்பி மைதானத்துக்குப் பின்னால், சாரல். வரமாட்டேன் என்ற டிலிஸை ஐவர் போய்க் காரில் ஏற்றிவந்திருந்தான்.

"என்னடி இது, எலி முழுங்கின பாம்பாட்டம்?"

"வாய மூடிட்டு இழு."

முதல் அம்பு பாதித் தூரத்தில் புல்லில் விழுந்தது. இரண்டாவது இலக்கின் ஓரத்து வைக்கோலில் குத்தி நின்றது. டிலிஸ் தோளைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.

"வலிக்கலடி. தோளு கத்தவே இல்ல!"

மாலைவரை விட்டாள். சாரல் நின்று, மற்றவர்கள் அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, நாணைக் கழற்றி வில்லை நெஸ்டாவிடம் நீட்டினாள்.

நெஸ்டா அதை வாங்காமல் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.