மூன்றாவது அடிக்குப் பிறகு

கம்பெனிகளைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் அவளுக்குக் 'கமா அக்கா' என்று பெயர். பத்திரத்தில் ஒரு கமா விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளைத் திட்டாத வக்கீல் இல்லை. "முதல் கோணல் முற்றும் கோணல்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திரக் கட்டைப் பிரிப்பாள்.

அன்று காலை கல் உடைக்கும் ஆலைக்காரர்களான அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அப்பா ஆளுக்குப் பாதியாக விட்டுப்போன ஆலையைக் கம்பெனியாக மாற்ற வேண்டுமாம். பத்திரத்தைப் புரட்டினாள். நூறு பங்கில் தொண்ணூற்றொன்பது அண்ணனுக்கு. தம்பிக்கு ஒன்றே ஒன்று. தம்பியின் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தது. நிமிர்ந்து அவன் கையைப் பார்த்தாள். மூன்று விரல்கள் வீங்கி, நகங்கள் கறுத்திருந்தன.

"கையில என்ன?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சு," என்றான் அண்ணன்.

"உங்களக் கேக்கல. கம்பெனி தொடங்கற ஒவ்வொருத்தரும் சொந்த விருப்பத்துல கையெழுத்துப் போடணும், அதான் சட்டம். தம்பி, நீங்க சொல்லுங்க. விருப்பப்பட்டுத்தான் போட்டீங்களா?"

"சுத்தியலால..." என்று ஆரம்பித்தான் தம்பி.

அண்ணன் அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மூக்கு நொறுங்கியது. பத்திரம் முழுக்க ரத்தம். அவள் மேசையைச் சுற்றி ஓடி நடுவில் புகுந்தாள். அண்ணன் மேசையிலிருந்த இரும்பு முத்திரைக் கருவியைத் தூக்கி அவள் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவள் காதிலேயே கேட்டது. கீழே விழுந்தவளின் தலைக்கு நேராக அவன் மறுபடி ஓங்கினான்.

பிறந்ததிலிருந்து அண்ணன் முன்னால் குரல் உயர்த்தாத தம்பி, அப்போது மர நாற்காலியைத் தூக்கினான். முதல் அடி முதுகில். திரும்பியவனுக்கு இரண்டாவது அடி காதோரம். அண்ணன் வெட்டிய மரம்போல் சாய்ந்தான். "வேணான்டா" என்று கையை உயர்த்தினான். தம்பி நிறுத்தவில்லை. மூன்று, நான்கு, ஐந்து...

"போதும் தம்பி! விழுந்துட்டான், போதும்!"

அவள் தவழ்ந்துபோய் நல்ல கையால் அவன் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நாற்காலி கீழே விழுந்தது. அண்ணனுக்கு ஒரு கண் போய்விட்டது.

வழக்கு வந்தது. தம்பியின் மனைவி வீடு தேடி வந்து அழுதாள். "அக்கா, ரெண்டே அடின்னு சொல்லுங்க. உங்க உயிரக் காப்பாத்தினவரு."

"பாக்கறேம்மா" என்று மட்டும் சொன்னாள். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறியதும் பொய் சொல்ல வரவில்லை. முதல் இரண்டு அடி தன்னைக் காப்பாற்ற, மிச்சமெல்லாம் விழுந்து கிடந்தவன்மேல் என்று சொன்னாள். அண்ணனுக்கு ஏழு வருடம், தம்பிக்கு ஒரு வருடம். பத்திரம் செல்லாது என்றார் நீதிபதி. பாதி ஆலை தம்பிக்கே நின்றது.

வெளியே வராந்தாவில் தம்பி மனைவி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "நன்றி கெட்டவளே!" இன்னும் சரியாகத் தூக்க முடியாத தோளோடு அவள் படியிறங்கிப் போனாள். யாரிடமும் புகார் கொடுக்கவில்லை.

மாதம் ஒருமுறை தம்பியைப் பார்க்கச் சிறைக்குப் போனாள். இரண்டு முறை பார்க்க மறுத்தவன் மூன்றாம் முறை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"ஆலை ஓடுதா?"

"ஓடுது. உங்க வீட்டம்மாதான் பாத்துக்கறாங்களாம்."

"அவ ஒழுங்கா சாப்பிடறாளா?"

அது அவளுக்குத் தெரியாது. தம்பி வீட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை.

"கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்றாள்.