குளத்தில் இறங்கித் தள்ளியவன்

படகுத்துறையை விட்டு ஐம்பது அடி நடந்த பிறகுதான் என் மேலில் இன்னும் அந்தச் செம்மஞ்சள் மிதவைச் சட்டை கிடப்பதைக் கண்டேன். டிக்கெட் கிழிப்பவர் பின்னால் ஓடிவந்து, களவெடுத்துக்கொண்டு போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, வாரை அவிழ்த்து வாங்கிக்கொண்டார். மகளும் மருமகனும் பிள்ளைகளும் அதற்குள் படகேறிவிட்டார்கள். காலையில் ஜீப், பின்னேரம் படகு, இடையில் சாப்பாடு என்று போனிலேயே பதிந்து, யானை பார்க்க என்னையும் இழுத்து வந்திருந்தார்கள். நான் கரையில் நடக்கிறேன் என்று சொல்லிக் கழன்றுகொண்டேன். கிழவனுக்கு யானையென்றால் பயமாக்கும் என்று மருமகன் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

சட்டை போய்விட்டது, அதன் மணம் போகவில்லை. ஈரம் காயாத துணியும் பெட்ரோலும் கலந்த மணம். அதோடு கொஞ்சம் சேற்றையும் நீர்க்காக எச்சத்தையும் சேர்த்தால் என் இருபத்திரண்டாவது வயது வந்து பக்கத்தில் நின்றுவிடும்.

அப்போதும் இது விலங்குகளுக்கென்று ஒதுக்கிய காடுதான். குளமும் இதே குளந்தான். அணை கட்டித் தண்ணீர் நிறைந்து சில வருடங்களே ஆகியிருந்தன. மூழ்கிப்போன காட்டின் மரங்கள் பட்டு வெளுத்து, இலையில்லாமல் தண்ணீருக்கு மேலே நின்றன. அவற்றுக்கு நடுவே எஞ்சின் படகை ஓட்டிப்போய் யானை காட்டுவது குணபால ஐயாவின் வேலை. படகின் முன்முனையான அணியத்தில் நீண்ட கம்போடு நின்று, மரம் எதுவும் படகில் மோதாமல் தள்ளிவிடுவது என்னுடைய வேலை.

அந்த வேலை எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஊர் பெரியகல்லாறு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தோம். அதன்பிறகு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. வாகரையில் கருவாடு காயப்போட்டேன், ஓட்டமாவடியில் நெல் மூட்டை சுமந்தேன். அங்கே ஹனிபா காக்கா என்று ஒரு வியாபாரி இருந்தார். இந்தக் காட்டுப் பூங்காவின் விடுதிக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அவருடைய லொறியில்தான் போகும். படகுக்கு ஒரு ஆள் வேண்டுமாம், கல்லாற்றுப் பொடியன் தண்ணிக்குள்ளேயே பிறந்தவன்தானே என்று சொல்லி என்னையும் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். அந்தச் சிபாரிசில் ஒரு பிழை இருந்தது. அது பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

குணபால ஐயாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். அவருடைய தமிழ் முழுக்க ஓட்டமாவடிக் கடைத்தெருவில் பொறுக்கியது. விலை கேட்கவும் விலை குறைக்கவும் போதுமானது. என் சிங்களமும் அவ்வளவுதான். என்னை மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி. பட்டமரங்களுக்கெல்லாம் அவர் பெயர் வைத்திருந்தார். கூனி என்று ஒன்று, ஒற்றைக்கை என்று ஒன்று. இருட்டிலும் பெயர் சொல்லிக்கொண்டே வழி பிடித்து வருவார். நாட்டில் சண்டை தொடங்கியிருந்தாலும் அந்த வருடம் யானை பார்க்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மனிதர்களின் விசித்திரங்களில் அதுவும் ஒன்று.

தை மாதம். மாரி பெய்து குளம் விளிம்பு வரை நின்றது. கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு கொம்பில்லாத ஒரு அலியன் யானை குளத்தைக் கடந்து நீந்திப் போக, அதன் பின்னால் போனோம். ஒற்றைக்கைக்குக் கிட்டப் போனபோது படகு அடியில் எதிலோ ஏறி நின்றுவிட்டது.

எங்கள் ஊர் வாவி கடலோரக் கழி; அதில் தோணி தரை தட்டினால் யாரும் யோசிப்பதில்லை. அணியத்தில் நிற்பவன் குதிப்பான், தோளைக் கொடுத்துத் தள்ளுவான், மறுபடி ஏறிக்கொள்வான். கரையோரத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேலே வராது. கல்லாற்றில் நடக்கப் பழகிய பிள்ளை அடுத்ததாகப் பழகுவது இதைத்தான். நானும் யோசிக்காமல் குதித்தேன். கால் நிலத்தைத் தேடிக்கொண்டே கீழே போனது. போய்க்கொண்டேயிருந்தது.

நீந்தத் தெரியாதவனில்லை. ஆனால் இடுப்பில் உடுத்திருந்த சாரன் கீழே ஒரு கொப்பில் மாட்டிக்கொண்டது. மேலே வெளிச்சம் தெரிகிறது, போகத்தான் முடியவில்லை. அப்போது ஒரு கை வந்து என் தலைமயிரைப் பிடித்தது. இன்னொரு கை சாரனை உரிந்துவிட்டது. குணபால ஐயா என்னை மேலே கொண்டுவந்தபோது கொழும்புக் குடும்பம் எதிர்பார்த்து வந்ததைவிட ஒரு காட்சி அதிகமாகப் பார்த்தது.

மூச்சு வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மல்லி, இது உங்கட வாவி இல்ல. குளம். குளத்துக்கு அடி இல்ல."

கரைக்கு வந்து, அவருடைய சாரனொன்றை உடுத்துக்கொண்டு இடுப்பைத் தடவிய பிறகுதான் எனக்கு உடம்பு குளிர்ந்தது. பொலித்தீனில் சுற்றி மடியில் செருகியிருந்த அடையாள அட்டை சாரனோடு போய்விட்டது.

அந்த நாட்களை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பூங்காவிலிருந்து கல்லாறு போய்ச் சேர ஐந்து இடத்தில் இறங்கி வரிசையில் நின்று படைக்காரரிடம் அட்டையைக் காட்ட வேண்டும். என் வயதில், தமிழ்ப் பெயரோடு, அட்டையில்லாமல் நின்றவர்கள் சிலர் அந்த வரிசைகளிலிருந்து வீட்டுக்குப் போனதில்லை. புது அட்டைக்கு எங்கள் ஊர்ப் பொறுப்பதிகாரியான விதானையாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரிடம் போக அந்த ஐந்து இடத்தையும் தாண்ட வேண்டும். ஆக, நான் அந்தக் காட்டை விட்டு வெளியே கால் வைக்க முடியாது.

குணபால ஐயா மறுநாளும் இரண்டு முறை மூழ்கிப் பார்த்தார். அடியில் முழுக்கக் கொப்பு. முதலையும் உண்டு. மூன்றாவது முறை நான் விடவில்லை. அவர் ஒற்றைக்கையில் தண்ணீர் மட்டத்தில் கத்தியால் ஒரு கோடு போட்டார். குளம் இறங்கும், அப்போது எடுக்கலாம் என்றார்.

அப்படித்தான் நான் ஒரு குளம் வற்றுவதற்காக எட்டு மாதம் காத்திருந்தேன்.

பங்குனியில் ஆட்கள் வருவது நின்றது. பிறகு விடுதியைப் பூட்டினார்கள். மற்ற வேலையாட்கள் ஊர்களுக்குப் போனார்கள். குணபால ஐயாவுக்கும் வீடு, மனைவி எல்லாம் இருந்தன. படகைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று சொல்லிக்கொண்டு அவர் நின்றுவிட்டார். கவிழ்த்துப் போட்ட படகைப் பார்க்க என்ன இருக்கிறது? நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் போய்விடுவாரோ என்ற பயம்.

ஹனிபா காக்கா, சண்டையில் மூடாமல் வழி திறந்திருக்கும் நாட்களில் வந்து அரிசியைப் போட்டுவிட்டு ஊர்ச் செய்தியும் சொல்லிப் போவார். எல்லாம் கெட்ட செய்தி. ஒருமுறை மட்டும் அம்மாவிடம் தகவல் சேர்த்துப் பதிலோடு வந்தார். என் வகுப்பில் படித்த இரண்டு பேரை வீட்டிலிருந்து கொண்டுபோய்விட்டார்களாம். பிறகு அம்மாவின் குரலிலேயே சொன்னார்: "அவன வரவேணாமெண்டு சொல்லுங்க காக்கா. யானைக்குள்ளயே கிடக்கட்டும். யானை ஆரெண்டு கேக்காது."

அதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போகும் ஆசை அதன்பிறகுதான் கூடியது. சின்ன வயதிலிருந்தே ஓடித்திரிந்தவன் நான். போக வழியில்லை என்றதும் கல்லாறு தவிர வேறு ஊர் நினைவுக்கு வரவில்லை.

சித்திரையில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்தார்கள். அதிலிருந்து குளம் நாளுக்கு நாள் இறங்கியது. எனக்குத் தெரியாத ஊர்களில், பார்க்காத வட்டைகளில் வயல் செய்த ஒவ்வொருவனுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன். ஒற்றைக்கையில் குணபால ஐயா போட்ட கோடுகள் ஏணிப்படிபோல் கீழே இறங்கின. ஆடியில் என் சாரன் வெளியே வந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு கொப்பில், பாசி பிடித்து, கொடிபோல் தொங்கியது. மடி அவிழ்ந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"கீழ விழுந்து கிடக்கு," என்றார் அவர். "இன்னும் இறங்கட்டும்."

புரட்டாதியில் ஒற்றைக்கையின் அடியில் தண்ணீர் முழங்கால் அளவு. ஆனால் குளம் வற்றிய இடமெல்லாம் இளம்புல் முளைத்து, சுற்றியுள்ள காட்டின் யானைகள் எல்லாம் அங்கே வந்துவிட்டன. இன்றைக்கு அதைப் பார்க்கத்தான் ஜீப்புகள் வரிசையில் நிற்கின்றன. அன்றைக்குப் பார்க்க நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கோ அவை எப்போது அந்த மரத்தை விட்டுப் போகும் என்பது மட்டுமே கேள்வி.

நான்காம் நாள் வெயில் ஏறியபோது விலகின. படகைத் தள்ளிக்கொண்டு போய் நான் இறங்கினேன், இந்த முறை கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு. எங்கள் ஊரில் சேற்றுக்குள் இறால் தடவுகிறவர்கள் கண்டபடி தடவுவதில்லை. ஒரு பக்கம் தொடங்கி, காலைத் தூக்காமல் அரக்கி அரக்கி, வரம்பு பிடித்ததுபோல் வரிசை வரிசையாகப் போவார்கள். காலில் தட்டினால்தான் கை இறங்கும். நானும் மரத்தடியிலிருந்து தொடங்கினேன். ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. ஒரு செருப்பு வந்தது. சிப்பி நிறைய வந்தது.

ஏழாவது வரிசையில் இருக்கும்போது குணபால ஐயா நாக்கால் மெல்ல ஒரு சத்தம் வைத்தார். ஒரு பிடி, குட்டியோடு, புல்லை விட்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"மல்லி, வா."

"இன்னும் ரெண்டு வரிசை, ஐயா."

"அட்டை இல்லாம வாழலாம். வா."

"ஏலாது, ஐயா."

அவர் திட்டவில்லை. படகிலிருந்து இறங்கி, எனக்கும் அதற்கும் நடுவில் போய், கைகளைத் தொங்கவிட்டு நின்றார். தாழ்ந்த குரலில் அதனோடு சிங்களத்தில் பேசத் தொடங்கினார். வீட்டுக்கு வந்தவரோடு பேசுகிற மாதிரி: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ தாயே, இவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள், தேடி முடித்ததும் போய்விடுவான். அது காதை விரித்து நின்றது. நான் வரிசை பிசகாமல் அரக்கிக்கொண்டே போனேன். எட்டாவது வரிசை முடியுமிடத்தில், கால் பெருவிரலின் கீழ், ஓரம் கூரான ஏதோ வழுக்கியது.

பொலித்தீனுக்குள் சேறு புகுந்து, என் முகத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. பெயரும் இலக்கமும் தப்பியிருந்தன. யானை எப்போது திரும்பிப் போனது என்று நான் பார்க்கவில்லை. குணபால ஐயா அட்டையை வாங்கித் தன் சட்டையில் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, "நல்ல முகம் இல்ல. இருந்தாலும் உன்ட முகம்," என்றார்.

வழி திறந்த முதல் நாளே ஹனிபா காக்காவின் லொறியில் புறப்பட்டேன். குணபால ஐயா படகைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாசல்வரை வரவில்லை. ஓட்டமாவடியில் பஸ் பிடித்தேன். ஐந்து வரிசையிலும் நின்றேன். கடைசி இடத்தில் ஒரு சிப்பாய் அந்தச் சேற்றுக் கோட்டை விரலால் தடவி இதென்ன என்று கேட்டான். குணபால ஐயாவிடம் கற்ற சிங்களத்தில், தோணி தள்ளக் குளத்தில் இறங்கினேன் என்றேன். அவன் குளக்கரை ஊர்க்காரன் போலிருக்கிறது. யாராவது குளத்தில் இறங்கித் தள்ளுவானா என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே அட்டையைத் தந்தான்.

வீட்டு வாசலில் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஹனிபா காக்கா ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். "என்ன மனே, சாரனையாவது இறுக்கி உடுத்து வந்தியா?" என்று கேட்டுவிட்டு, குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போது அணைக்கட்டில் நின்று பார்க்கிறேன். தண்ணீர் வெறுமையாகக் கிடக்கிறது. பட்டமரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உளுத்து விழுந்து அடியில் போயிருக்கும், ஒற்றைக்கையும் அதன் கோடுகளும். டிக்கெட் கிழிப்பவரிடம் குணபால ஐயாவைக் கேட்டேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை. சண்டை முடிந்து நான் தேடி வந்தபோதே தெரிந்தவர்கள் இருக்கவில்லை. ஹனிபா காக்காவும் போய்விட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வாவியைக் கடக்கும் ஓடத்துறையில் இப்போது பாலம் கிடக்கிறது. அதில் வாகனங்கள் அரை நிமிடத்தில் கடந்துவிடுகின்றன.

அந்தத் துறையில்தான், வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, வேலை கேட்டுப் போய் நின்றேன். ஓடக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார். கதை எனக்கு முன்னமே வந்துவிட்டது.

"இஞ்ச மண்ணில தட்டினா இறங்கித் தள்ளுவியா?"

"ஓம். கம்பால அளந்துபோட்டு இறங்குவன்."

"அளந்துபோட்டோ! அதுக்குள்ள சனம் நடந்து போயிரும்கா," என்றார். ஆனாலும் கம்பை என் கையில் தந்தார். அன்று இரண்டாவது நடையிலேயே ஓடம் தட்டியது. கம்பை ஊன்றிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர். சனமெல்லாம் சிரிக்க, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தோளைக் கொடுத்தேன்.