என் முகத்தில் அடித்த பழைய பஜ்ஜி வாடை

வறண்ட முகத்துக்குப் பூச எண்ணெய் வாங்கப் போனேன். ஒரு பாட்டிலின் சேர்மானப் பட்டியலில் சூரியகாந்தி எண்ணெயோடு ‘டோகோஃபெரால்’ என்றும் இருந்தது. ரசாயனம் என்று பயந்து, அது இல்லாத சுத்த எண்ணெயை வாங்கிக் குளியலறை ஜன்னலில் வைத்தேன். மதுரை வெயில் அதைத் தினமும் காய்ச்சியது.

இரண்டு மாதம் கழித்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த மனைவி சட்டென்று இறங்கினாள்.

“என்னங்க, பழைய பஜ்ஜிச் சட்டி மாதிரி இம்புட்டு நாத்தம் அடிக்குது! நான் பஸ்ல வாரேன்.”

வீட்டுக்கு வந்து தலையணையை மோந்தேன், பழைய பஜ்ஜி வாடை. துண்டிலும் அதே வாடை. என் உடம்புக்குள் எதுவோ அழுகிவிட்டது என்று முடிவுகட்டி, மனத்துக்குள் உயிலே எழுதிவிட்டேன்.

கே.கே. நகர் டாக்டரம்மா முகத்துக்கு என்ன போடுகிறேன் என்று கேட்டார். கையோடு கொண்டுபோன பாட்டிலை நீட்டினேன். திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சார், அழுகுனது நீங்க இல்ல, இந்த எண்ணெய்தான். டோகோஃபெரால்னா வைட்டமின் ஈ. எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காம இருக்கத்தான் அதைச் சேர்க்கிறாங்க.”

அந்தக் கெட்டுப்போன எண்ணெயையா தினமும் முகத்தில் பூசினேன்!

இப்போது டோகோஃபெரால் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குகிறேன். பாட்டில் இருட்டு அலமாரியில் இருக்கிறது. பூசும்முன் மோந்தும் பார்க்கிறேன். மனைவி மறுபடி ஸ்கூட்டரில் ஏறுகிறாள். மூக்கை மட்டும் இன்னும் அந்தப் பக்கம்தான் திருப்பி வைத்திருக்கிறாள்.