கிராம்பு எண்ணெயில் காணாமல் போன கற்கள்

நகைக் கடையில் பொய்யைத் தங்கத்தில் பதித்துத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். உண்மையைச் சும்மா கொடுத்தாலும் சண்டைக்கு வருவார்கள். கல்லாவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்ததற்கு மறு வருஷம். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். நீண்ட விடுமுறைக்குக் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவளை, ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தட்டார் தெருவில் இருந்த தன் நகைக் கடையில் வந்து உட்காரச் சொன்னார் என்னைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த தாய்மாமா. என் வாய் அவருக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "உன் பேச்சால வாடிக்கை கெட்டுச்சுன்னா படிப்பை நிறுத்திட்டு மாப்பிள்ளை பார்த்துடுவேன்." வாடிக்கை கெடுவதற்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "பார்த்தியா, இந்தப் பேச்சுதான்."

கரைந்த கல்

வெளிச்சம் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது வேகம் குறைந்து, திசை மாறி வளைகிறது. அந்த வளைவால்தான் கண்ணாடி நம் கண்ணுக்குத் தெரிகிறது. கிராம்பு எண்ணெயோ கண்ணாடி அளவுக்கே வெளிச்சத்தை மெதுவாக்குவது. எண்ணெயிலிருந்து கண்ணாடிக்குள் போகும் வெளிச்சம் வளையாமல் நேரே போய்விடும். ஆகவே எண்ணெய்க்குள் போட்ட கண்ணாடிக் கல் மறைந்துவிடும். வைரம் வெளிச்சத்தை அதைவிட வெகு அதிகமாக வளைக்கும், எண்ணெயிலும் மின்னும். எல்லாப் போலிக் கல்லையும் இது பிடிக்காது. சாதாரணக் கண்ணாடியை மட்டும் தப்பவிடாது.

பக்கத்துச் சீன மருந்துக் கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்பு எண்ணெயை வாங்கி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். சுங்க இலாகா குமாஸ்தா ஒருவர், மோதிரத்தில் பதிக்கச் சொல்லி ஒரு வெள்ளைக் கல் கொண்டுவந்தார். பினாங்கில் ஒரு நண்பரிடம் வாங்கிய வைரமாம். கிண்ணத்தில் போட்டேன். காணோம். வெளிச்சம் ஏன் வளையவில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். மனுஷர் கேட்கவில்லை, கிண்ணத்தை உற்றுப் பார்த்தார், என் இரண்டு கைகளையும் பார்த்தார், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். நான் இடுக்கியால் துழாவிக் கல்லை வெளியே எடுத்துக் காட்டியபிறகும் அவர் மனம் ஆறவில்லை. "பாதி கரைஞ்சிருக்கும் தங்கச்சி. அந்த எண்ணெயையும் சேர்த்துக் கட்டிக் குடு."

கரையாத கல்

கண்ணாடி என்று சொன்னால்தான் கோபம் வரும், வைரம் என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நம்பினேன். பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்காதவற்றில் இதுவும் ஒன்று.

எங்கள் தெருவில் இருக்கும் செட்டி வீட்டு அம்மாள், கெபாயாச் சட்டையில் குத்தும் குரோசாங் ஊசியிலிருந்து கழன்ற ஒரு கல்லைக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக மாமா கடையில்தான் வேலை கொடுப்பார்கள். பல தலைமுறைக்கு முன்பே வந்து இந்த ஊரோடு கலந்துவிட்ட செட்டிகள்; தமிழ் பேச வராது, மலாய்தான். நான் கல்லை எண்ணெயில் போட்டேன். அது அங்கேயும் விளக்கு மாதிரி எரிந்தது. "அசல் வைரம்" என்று மலாயில் பெருமையோடு சொன்னேன். அந்த அம்மாள் கல்லைத் துடைத்து, கைக்குட்டையில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

நல்லதைத்தானே சொன்னேன், இதில் கோபிக்க என்ன இருக்கிறது என்று வாசல்வரை போய் வாதாடினேன். அவர் நின்று, நிதானமாக மலாயில் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்: "உன்னைச் சந்தேகப்பட்டுச் சோதிச்சுப் பார்த்துட்டு, அப்புறம் நல்ல பெண்ணுன்னு சொன்னா நீ சந்தோஷப்படுவியா?"

பென்சில் பாடம்

அன்றைய ஆத்திரத்தை எல்லாம் நகை செய்யும் ஆறுமுகப் பத்தர்மேல் காட்டினேன். மாமா அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, "இன்னொரு வாடிக்கை கெடட்டும். இன்னும் ஒரே ஒண்ணு" என்று சொல்லியிருந்தார்.

ஒரு கிளாஸ் தண்ணீரில் பென்சிலைச் சாய்த்து வைத்து, வெளிச்சம் தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது வளைவதால்தான் பென்சில் ஒடிந்ததுபோலத் தெரிகிறது, பென்சில்மேல் குற்றமில்லை, கிண்ணத்தின்மேலும் குற்றமில்லை, என்மேலும் குற்றமில்லை என்று நிரூபித்தேன். பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "எல்லாம் சரி பாப்பா. பென்சிலை வெளிய எடுத்தா நேரா ஆயிடும். உங்க மாமா கோபத்தை எதுலேருந்து எடுத்து நேராக்கிறது?"

நான்கு கொக்கிகள்

விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செமாபோக்கிலிருந்து லாரி முதலாளி ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வைரத் தோடும் மூக்குத்தியும் எடுக்கக் குடும்பத்தோடு வந்தார். அந்த வருஷத்திலேயே பெரிய வியாபாரம். மாமி தன் கையால் காப்பி கலந்து கொண்டுவந்தாள். நான் தட்டை மட்டும் நகர்த்தினேன்.

எண்ணெய்க் கதை செமாபோக்வரை போயிருந்தது. "கடைச் சரக்கைப் போட்டுக் காட்டினா நம்ப மாட்டேன்" என்றார் லாரி முதலாளி. "நீங்க கையில போட்டிருக்கிறதைப் போடுங்க, பார்ப்போம்." மாமா சிரித்துக்கொண்டே மோதிரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். கல்யாணத்தில் மாமியின் அப்பா போட்ட ஒற்றைக்கல் மோதிரம். வேண்டாம் மாமா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னைப் பேசக்கூடாது என்றல்லவா சொல்லியிருந்தார். போட்டேன். கிண்ணத்தின் அடியில் ஒரு தங்க வளையமும், எதையும் பிடிக்காமல் நிற்கும் நான்கு கொக்கிகளும் தெரிந்தன.

மாமி காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லாரி முதலாளி கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொந்த மாமா மோதிரத்தையே காட்டிக்கொடுக்கிற பொண்ணு. இந்தக் கடையில கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொல்லி, தோடு, மூக்குத்தியோடு முதலில் கேட்காத வளையலையும் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது வாடிக்கை கெட்டதா, வளர்ந்ததா? என் பக்கத்து வாதம் தயாராக இருந்தது. உள்ளேயிருந்து பாத்திரங்கள் வைக்கப்படும் சத்தம் வரவரப் பெரிதாகிக்கொண்டிருந்தது. மாமா எண்ணெய் சொட்டும் மோதிரத்தைத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பின் ரயில் ஸ்டேஷனுக்கு நாளைக்குக் காலையில பஸ் இருக்கு. பெட்டியைக் கட்டு. எவ்வளவு வேணும்னாலும் படி, சிங்கப்பூர்லயே இருந்து படி."

ஆக, என் பட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது நான் படித்த பௌதிகம் அல்ல, மாமியின் அப்பா சிக்கனமாக வாங்கிய ஒரு கண்ணாடித் துண்டு.