ஆறாவது பெயர்

கார்பன் தாளின் எண்ணெய் மணம் விரலில் ஒட்டினால் இரண்டு நாளுக்குப் போகாது. யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்கு அது நன்றாகப் பழகிய மணம், ஏனென்றால் எங்கள் வீட்டில் சிங்களம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் பதின்மூன்று வயதான நான் ஒருத்திதான். வீட்டில் இருப்பவர்களின் பெயர், ஊர், வீட்டுக்காரருக்கு என்ன முறை என்றெல்லாம் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பொலிசில் கொடுத்து மற்றதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டும் "பொலிஸ் பதிவு" என் பொறுப்பாக இருந்தது. பதிவில் பெயர் இல்லாத தமிழரைப் புலி என்று சந்தேகித்துப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

எங்கள் ஒழுங்கையில் தண்டவாளம் வரை ஒன்பது வீடுகள். ஷெல்லுக்குத் தப்பி வந்தவர்களும் விசாவுக்குக் காத்திருந்தவர்களுமாக பல வீடுகளில் மூன்று குடும்பம். வீடு வாசலை எல்லாம் விட்டுவிட்டு வந்த சனம் ஊரின் ஏற்றத்தாழ்வை மட்டும் ஒன்றுவிடாமல் கொண்டுவந்திருந்தது. பொலிஸ் ஊரைக் கேட்பதோடு நின்றுவிடும், எங்கள் பெரியவர்கள் அதற்கு மேலும் போவார்கள்: "ஊர் சரி, ஊரில எந்தப் பக்கம்?" கோவிலடியா குளத்தடியா என்ற பதிலில் சாதி தெரிந்துவிடும். உள்ளே அறையா, குசினிக்குப் பின்னால் சரித்து இறக்கிய "சாய்ப்பு"க் கொட்டிலா என்பதும் அதிலேயே முடிவாகும்.

தவமணி எங்கள் அப்பாவின் ஊர்தான், ஆனால் நாங்கள் கோவிலடி, அவள் குளத்தடி. கனடாவிலிருந்த அவளுடைய அண்ணன் அவளைக் கூப்பிட்டிருந்தார். விசா வரும்வரை தங்க அம்மா சாய்ப்பைக் கொடுத்தார். நான் "அக்கா" என்றதும் அம்மா என் தொடையில் கிள்ளினார். "என்னடி அக்கா? பேரைச் சொல்லிக் கூப்பிடு." என்னைவிட ஒன்பது வயது மூத்தவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவளோ சிரித்தபடி "ஓம் தங்கச்சி" என்பாள்.

படிவத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் கீழே ஆறாவதாக அவள் பெயரை எழுதிவிட்டு, "சொந்தம் எண்டு போடவா அம்மா?" என்று கேட்டேன்.

"விசரி! அந்த ஆக்கள் எங்களுக்குச் சொந்தமே? ஆரும் பாத்தா என்ன நினைப்பினம்?"

வேலைக்காரி என்று போட அப்பா விடவில்லை, அண்ணன்காரன் அறிந்தால் வெட்கமாம். "கொஞ்ச நாளில போற பிள்ளைதானே, விடு" என்றார். நான் புதுத்தாள் எடுத்து ஐந்து பெயரோடு முடித்தேன்.

அடுத்த ஞாயிறு காலை சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் அந்தத் தாளைக் கழற்றி ஆட்களை எண்ணினார்கள். ஐந்து பெயர், ஆறு பேர். "மே கவுத?" என்று தவமணியைக் காட்டி யாரென்று கேட்ட அதிகாரி, "சொந்தமா?" என்று தமிழிலும் கேட்டார். ஓம் என்றால் திட்டிவிட்டுப் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டில் சற்று முன்னர் அப்படித்தான் நடந்தது. அம்மா வாசலில் நின்ற அயலவர்களைப் பார்த்தார்.

"இல்லை, தெரிஞ்ச ஆக்கள்" என்றார்.

தவமணி என்னைப் பார்த்தாள். வாய்வரை வந்த "அக்கா"வை நான் விழுங்கிவிட்டேன். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்துக்குத் தேடிப்போன அப்பாவிடம், அவளுக்கு நீங்கள் என்ன முறை என்று அங்கும் கேட்டார்களாம். அவர் தனியே திரும்பி வந்தார். அதன்பிறகு அவளை நாங்கள் காணவில்லை. அண்ணனின் தொலைபேசி அழைப்புகளை அப்பாவே எடுத்து அழுவார்; அம்மா எடுப்பதில்லை. அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை, என்னையும்தான்.

இன்று சாய்ப்பும் ஓட்டு வீடுகளும் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. கார்பன் தாளும் இல்லை, கதவுக்குப் பின்னால் ஆணியும் இல்லை. சென்ற மாதம் அதே ஒழுங்கையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி தந்து அன்பாகத்தான் கதைத்தார். பிறகு கேட்டார்: "ஊர் சரி பிள்ளை, ஊரில எந்தப் பக்கம்?"

"கோவிலடி" என்றேன். வீடு கிடைத்தது.